வானத்துக் கோளும் வாசலில் நிற்கும் ஆளும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் கண் மேசைமேல் அடுக்கியிருக்கும் பரிசுப் பொருள்களின்மேல். தாய்மார்களின் கண் பிள்ளைகளின்மேல். இருந்தாலும், "அறிவியலைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்க சார்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, செயற்கைக் கோள் வழியாக மருத்துவம் பார்க்கும் முறையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். நான் மருத்துவன் அல்லேன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியன். ஆதலால் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்ல வரவில்லை. மருத்துவர் தூரத்தில் இருக்கும்போது நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதே என் பேச்சு.

தூரம் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்டவரையும், விடியற்காலை பால் வெட்டப் போன இடத்தில் பாம்பு தீண்டியவரையும், காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையையும் லோரியில் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் டவுனுக்கு ஓடிய கதை இங்கிருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருக்கும். சில கதைகள் நல்லபடி முடிந்தன. சில கதைகள் பாதி வழியிலேயே முடிந்துபோயின.

அந்தக் காலத்தில் தோட்டத்து மருத்துவம் என்றால் டிரஸ்ஸர் ஐயாதான். டாக்டர் குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், மலேரியாவுக்கு மருந்து கொடுப்பதும், ஊசி போடுவதும் அவரே. இவர்களின் பணியைப் பதிவு செய்து முறைப்படுத்த 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவமனை உதவியாளர் சட்டம் என்றே ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள் என்றால், அவர்களுடைய பொறுப்பு எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் மிகவும் கடினமானது ஊசி போடுவதன்று. "இவரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா, டவுனுக்கு அனுப்புவதா?" என்று இரவு இரண்டு மணிக்குத் தனி ஆளாக முடிவு செய்வதுதான் கடினம். கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடையாது. நான் சொல்ல வந்த தொலைமருத்துவம், அந்த நேரத்தில் கேட்பதற்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிற முறை. அவ்வளவுதான் அதன் சாரம்.

நம் திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவர் ஒருவர். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக் கோள் இவற்றில் எதைக் கொண்டுவருகிறது, எதைக் கொண்டுவருவதில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

மாணவர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் அஸ்ட்ரோ தட்டு இருக்கிறதல்லவா? அது ஏன் எப்போதும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? வானத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக் கோள் இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரத்தில் அதுவும் பூமியை ஒரு முறை சுற்றுகிறது. ஆகவே நமக்கு அது அசையாமல் ஓரிடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. இப்படி மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே எழுதினார். பின்னாளில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த எழுத்தாளர் அவர். நம் நாட்டின் முதல் செயற்கைக் கோளாகிய மீசாட்-1, 1996 ஜனவரியில் பிரெஞ்சு கயானாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. 2022 ஜூனில் மீசாட்-3டி ஏவப்பட்டது. தொலைக்காட்சியோடு, கம்பி எட்டாத உட்பகுதிகளுக்கு இணையத்தையும் அது கொண்டு செல்கிறது. அந்நிறுவனத்தின் தரை நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் பூச்சோங்கிற்கு அடுத்தாற்போல், சைபர்ஜெயாவில்! ஒரு காலத்தில் பால்மரமும் செம்பனையுமாக இருந்த பக்கம் அது.

ஒரு சின்னக் கணக்கும் போடுவோம். செய்தி மேலே 36,000 கிலோமீட்டர் போய், கீழே 36,000 கிலோமீட்டர் வரவேண்டும். வானொலி அலை ஒரு நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அப்படியானால் நாம் சொல்வது அங்கே போய்ச் சேரக் கால் நொடி. அவர்கள் பதில் இங்கே வரக் கால் நொடி. ஆக, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடி இடைவெளி விழும். தெரியாதவர்கள் "ஹலோ, ஹலோ" என்று மேலும் மேலும் பேசி, இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். தெரிந்தவர்கள் ஒன்றைச் சொல்லி நிறுத்துவார்கள். பதிலைக் கேட்டு அடுத்ததைச் சொல்வார்கள். இன்னொரு குறையும் உண்டு. மழை வலுத்தால் அஸ்ட்ரோவில் படம் நின்றுபோகிறதே, அதே தொல்லை மருத்துவத்துக்கும் வரும். அதனால்தான் அவசர வேலைக்கு, மழையால் அவ்வளவாகப் பாதிக்கப்படாத வேறு அலைவரிசையில் இயங்கும் செயற்கைக் கோள் தொலைபேசியையும் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஸ்டார்லிங்க் போன்ற தாழப் பறக்கும் கோள்களும் வந்துவிட்டன. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் கூட்டமாகச் சுற்றுவதால் பேச்சில் அந்த இடைவெளி தெரிவதில்லை. அதற்கு நம் நாட்டில் 2023-ல் உரிமம் வழங்கப்பட்டது.

சரி, இந்தக் கோளைக் கொண்டு மருத்துவம் எங்கே நடந்தது?

அலாஸ்கா என்பது அமெரிக்காவின் வடகோடியில் பனி மூடிய பெருநிலம். அங்குள்ள சிற்றூர்களில் டாக்டர் இல்லை. ஊர்க்காரர் ஒருவரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஊர்ச் சுகாதார உதவியாளராக வைத்திருந்தார்கள். நம்ம டிரஸ்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் சிற்றலை வானொலியில் மருத்துவமனையைக் கூப்பிடுவார். பல நாள் ஒன்றுமே கேட்காது. 1971-ல் ஏ.டி.எஸ்-1 என்னும் செயற்கைக் கோள் வழியாகப் பேச வசதி செய்தார்கள். படம் கிடையாது, வெறும் குரல்தான். அந்தக் குரல் நம்பகமாகப் போய்ச் சேர்ந்ததே பெரிய மாற்றமாயிற்று.

1988 டிசம்பரில் அப்போதைய சோவியத் நாட்டின் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பல்லாயிரவர் மாண்டனர். மறு ஆண்டு, பகை நாடுகளாக இருந்த அமெரிக்காவும் சோவியத்தும் செயற்கைக் கோள் வழியே ஒரு மருத்துவப் பாலம் அமைத்தன. ஆர்மீனிய மருத்துவர்கள் நோயாளிகளின் நிலையைச் சொல்ல, அமெரிக்க மருத்துவமனை வல்லுநர்கள் பார்த்து ஆலோசனை கூறினர். அரசியலுக்கு எல்லை உண்டு, காயத்துக்கு உண்டோ?

இனி நம்மவர் ஊருக்கு வருவோம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்று ஒரு கிராமம். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அங்குள்ள சிறு மருத்துவமனையின் தொலைமருத்துவப் பணியை, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ அதைச் செயற்கைக் கோளால் சென்னை அப்போலோ மருத்துவமனையோடு இணைத்தது. கிராமத்தில் எடுத்த இதயத் துடிப்புப் படத்தைச் சென்னையிலிருந்த இதய மருத்துவர் பார்த்தார். பிறகு சென்னைச் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, 2003-ல் இதே வசதியைப் பேருந்திலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதனை செய்தது.

எல்லாவற்றிலும் நமக்குப் பாடமாக இருப்பது அந்தமான் தீவு. அங்கே நம் தமிழர்களும் ஏராளமாக வாழ்கிறார்கள். தலைநகர் போர்ட் பிளேர். 2024-ல் அதன் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து கடல் தாண்டி 1,300 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையையும் சென்னைப் போரூரில் இருக்கும் ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவமனையையும் இஸ்ரோ செயற்கைக் கோளால் இணைத்து வைத்திருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. நம் நாட்டிலும் பினாங்கு, கெடா கரையோரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அதே அலை, அந்தமான் நிக்கோபாரில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. பாலங்கள் உடைந்தன, தொலைபேசிகள் ஊமையாயின. அந்த நேரத்தில் போர்ட் பிளேர் மருத்துவர்கள் சென்னை வல்லுநர்களிடம் கேட்க வழி இருந்தது. ஏன் இருந்தது? அலை வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தட்டும் பொருத்தப்பட்டு, ஆட்களும் பழகியிருந்தார்கள். ஆபத்து வந்த பிறகு பெட்டியைப் பிரித்து, எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்று பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"அதெல்லாம் தீவுக்கும் பனிக்காட்டுக்கும் சரி சார், நமக்கு எதுக்கு? பூச்சோங்கைச் சுற்றி எத்தனை ஆஸ்பத்திரி!" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். மிரியிலிருந்து சிறு விமானத்தில் போக வேண்டிய சரவாக் மலையூரான பாரியோவுக்குச் செயற்கைக் கோள் வந்தபிறகுதான் தொலைபேசியும் இணையமும் வந்தன. சரவாக் உட்பகுதி நீண்ட வீடுகளுக்குப் பறக்கும் மருத்துவர் சேவை ஹெலிகாப்டரில் போகிறது. இவையெல்லாம் நமக்குத் தூரத்துச் செய்திகள். ஆனால் 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கோல கிராய் மருத்துவமனையையே வெள்ளம் சூழ்ந்து, மின்சாரம் நின்றது. நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். இன்னும் பக்கத்தில் வாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் நம் மக்கள் மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்துகொண்டு படகுக்காகக் காத்திருந்தார்களே! நீரிழிவு மருந்தும் இரத்த அழுத்த மாத்திரையும் கீழே தண்ணீரில். கைப்பேசியில் பேட்டரி இல்லை. பெரிய மருத்துவமனைகள் சில மைல் தூரத்தில்தான் இருந்தன. அன்றைக்கு ஸ்ரீ மூடாவும் ஒரு தீவாகத்தான் இருந்தது.

வெள்ளத்தில் கைப்பேசி கோபுரம் செயலிழப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு மின்சாரமும் தரைவழிக் கம்பியும் வேண்டும். வானத்துக் கோளுக்கு வெள்ளம் எட்டாது. ஆனால் கீழே இருக்கும் தட்டுக்கு மின்சாரம் வேண்டுமே! ஆகவே பேட்டரியும் ஜெனரேட்டரும் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். வெள்ள நிவாரண மையமாகப் பள்ளிகளும் மண்டபங்களும் பயன்படுவதால், இது நம் பள்ளி போன்ற கட்டடங்களுக்கும் பொருந்தும் யோசனை.

இப்போது வள்ளுவரின் நான்கு பகுதிக்குத் திரும்புவோம். செயற்கைக் கோள் தீர்ப்பவராகிய மருத்துவரின் கண்ணையும் காதையும் நம் வாசலுக்குக் கொண்டுவருகிறது. அவருடைய கையைக் கொண்டுவருவதில்லை. மருந்தையும் கொண்டுவராது; அது உள்ளூரில் முன்பே இருப்பில் இருக்க வேண்டும். நான்காவது ஆளையும் அது கொண்டுவராது. நாடி பிடிக்க, வெப்பம் பார்க்க, கேமராவைச் சரியாகப் பிடிக்க, மருத்துவர் சொன்னதைச் செய்ய, இங்கே ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். அலாஸ்காவில் அவர் ஊர்ச் சுகாதார உதவியாளர். அன்றைய தோட்டத்தில் டிரஸ்ஸர். இன்று அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவி அதிகாரி, தாதி. அவர்களும் வந்து சேராத முதல் பத்து நிமிடத்தில் யார்? நீங்கள்தான். மகன், மகள், அண்டை வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர்.

அந்தப் பத்து நிமிடத்தில் நாம் சொல்லும் சொல்தான் மருத்துவருக்குக் கண். இதில் நம் மக்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பாட்டி "மயக்கமா இருக்கு" என்கிறார். தலைசுற்றலுக்கும் நாம் மயக்கம் என்போம். நினைவு தப்பி விழுவதற்கும் மயக்கம் என்போம். மலாயில் முன்னது பெனிங், பின்னது பெங்சான். இரண்டில் எதைச் சொல்கிறோமோ, அதற்கேற்ப மறுமுனையில் எடுக்கும் நடவடிக்கை மாறும். தாத்தா "வாயு பிடிச்சிருக்கு" என்று நெஞ்சைத் தடவுகிறார். தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறோம். நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று விவரமாகச் சொன்னால், மருத்துவர் வாயு என்று விட்டுவிட மாட்டார். மாரடைப்பா என்று பார்ப்பார். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளை இங்கே உயிர் காக்கும் மொழிபெயர்ப்பாளர். மொழிப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்களே, அந்த மதிப்பெண்ணின் பயன் எங்கே இருக்கிறது பார்த்தீர்களா?

ஆகவே, 999-க்கு அழைத்தாலும் சரி, திரையில் மருத்துவரிடம் பேசினாலும் சரி, ஐந்து விவரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இடம்: தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தச் சாலையில் எந்தத் திருப்பம். இரண்டாவது, யார்: வயது, ஆணா பெண்ணா, கர்ப்பிணியா. மூன்றாவது, என்ன நடந்தது, எத்தனை மணிக்குத் தொடங்கியது. பக்கவாதத்தில் இந்த மணிக்கணக்கு மிக முக்கியம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நான்காவது, முன்பே உள்ள நோய்களும் சாப்பிடும் மாத்திரைகளும். ஐந்தாவது, நாம் ஏற்கெனவே செய்த கைவைத்தியம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ துரத்த வேண்டாம். பத்திரமான தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து எந்த விஷமுறிவு மருந்து என்று ஆலோசனை சொல்லும் வல்லுநர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். சிகிச்சை தரும் மருத்துவர் அவர்களைத் தொலைவிலிருந்தே கேட்டுக்கொள்வார்.

பெற்றோர்கள் உரிமையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1997-ல் நம் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தொலைமருத்துவம் பார்க்கும் முன் நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. யாராவது தாளை நீட்டினால், "இது எதற்கு, என் படத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மாணவச் செல்வங்களே! உங்களில் ஒருவர் நாளை செயற்கைக் கோள் செய்யலாம். ஒருவர் சிறப்பு மருத்துவர் ஆகலாம். ஆகுங்கள், மகிழ்ச்சி. ஆனால் எல்லாரும் அப்படி ஆக முடியாது, ஆகவும் தேவையில்லை. தாதியாக, மருத்துவ உதவியாளராக, அம்புலன்ஸ் ஓட்டுநராக, முதலுதவி தெரிந்த தொழிலாளியாக, வள்ளுவர் சொன்ன அந்த நான்காவது ஆளாக நீங்கள் எல்லாரும் ஆகலாம். அதற்குப் பெரிய பட்டம் வேண்டாம். பதறாமல் பார்க்கவும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவும் பழகினால் போதும்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. செம்பிறைச் சங்கத்தாரையோ சென்ட் ஜான் அம்புலன்ஸ் அமைப்பினரையோ அழைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோர்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடத்துங்கள். நான் சொன்ன ஐந்து விவரங்களையும் ஓர் அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்புங்கள். அது வீட்டுக் கதவின் பின்னால் தொங்கட்டும். செலவு சில ரிங்கிட்தான்.

36,000 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோளை அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையே உள்ள நாலு அடி தூரம்தான் நம் பங்கு. அதை நாம் கடந்து நிற்போம்.